‘ஒருவேளை’க்கு ஆறு ஈயத்துண்டுகள்

4 பக்கங்கள், 25 பிரதிகள், 14 ஞாயிற்றுக்கிழமைகள். கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாராவது ஆசைப்பட்டு இறங்கினால் பின்னால் என்னைத் திட்டக்கூடாது.

வர்ஜீனியா வூல்ஃபின் நாவல்களைக் கல்லூரிக் காலத்திலிருந்து விட்டுவிட்டுப் படித்து வருகிறேன். அவர் வாழ்க்கையில் என்னை அதிகம் ஈர்த்தது ஓர் அச்சு இயந்திரம். 1915 ஜனவரி 25, அவருடைய 33-ஆவது பிறந்தநாள். அன்று தேநீர் குடித்துக்கொண்டே கணவர் லெனார்டும் அவரும் மூன்று முடிவுகள் எடுத்தார்கள்: ரிச்மண்டில் இருக்கும் ஹோகார்த் ஹவுஸ் என்ற வீட்டுக்குக் குடிபோவது, அச்சு இயந்திரம் வாங்குவது, ஜான் என்று பெயர் வைத்து ஒரு புல்டாக் நாய் வளர்ப்பது. வீடு சீக்கிரமே அமைந்தது. ஆனால் வர்ஜீனியாவின் மனநோய் அந்த ஆண்டு மிகக் கடுமையாகத் திரும்பியதால் இயந்திரம் தள்ளிப்போனது. 1917 மார்ச்சில் லண்டன் ஃபாரிங்டன் தெருவில் நடந்து போகும்போது அச்சுப்பொருள் கடை ஒன்றின் கண்ணாடியில் இருவரும் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்களாம். உள்ளே போய் 19 பவுண்டு 5 ஷில்லிங் 5 பென்சுக்கு ஒரு சிறு கை அச்சு இயந்திரத்தையும் கொஞ்சம் ஈய எழுத்துகளையும் வாங்கினார்கள். கூடவே 16 பக்கத்தில் ஒரு கையேடு. அச்சுக்கலைப் பள்ளியில் சேரப் பார்த்தபோது, தொழிற்சங்கத்தில் பதிவான பயிற்சியாளர்களுக்கு மட்டுமே இடம் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆகவே அந்த 16 பக்கம்தான் அவர்களுக்குக் குரு.

எனக்கு அந்தத் தொல்லை இல்லை, குரு கிடைத்தார். எங்கள் தெருக்கோடியில் ஒரு பழைய அச்சகம் பாதி மூடியும் மூடாமலும் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கோவில் நோட்டீஸ் என்று ஒரு காலத்தில் ஓடிய இடம். இப்போது ரசீதுப் புத்தகங்களுக்கு எண் போடுவதற்கு மட்டும் அங்கே டிரெடில் என்ற, காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரம் சுற்றுகிறது. அதை நடத்தும் ஐயாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. பதினைந்து வயதில் அச்சுக்கோக்க உட்கார்ந்தவர். “ஒரு வெள்ளைக்காரி எழுதிய கதையைக் கையால் கோத்துப் பார்க்க வேண்டும்” என்று நான் கேட்டபோது கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “தம்பி, கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதா?” என்றார்.

கதை, வூல்ஃப் தம்பதி தொடங்கிய ஹோகார்த் அச்சகத்தின் முதல் வெளியீட்டில் வந்த வர்ஜீனியாவின் ‘சுவரில் ஓர் அடையாளம்’. 1917 ஜூலையில் லெனார்டின் கதை ஒன்றும் இதுவும் சேர்ந்து ‘இரண்டு கதைகள்’ என்ற தலைப்பில் வெளிவந்தன. 150 பிரதிகள், டோரா காரிங்டன் செதுக்கிய நான்கு மரச்செதுக்குப் படங்கள். கதை என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றும் நடக்காது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எதிர்ச் சுவரில் ஓர் அடையாளத்தைப் பார்க்கிறார். எழுந்து போய் என்னவென்று பார்க்காமல் யோசித்துக்கொண்டே இருக்கிறார். அவ்வளவுதான். முதல் இரண்டு பத்திகளை நானே தமிழாக்கி, நான்கு சிறு பக்கங்களுக்குள் அடக்குவதாகத் திட்டம்.

முதல் மூன்று ஞாயிறுகள் கேஸ் படிப்பதில் போயின. தமிழ் எழுத்துக் கேஸ் என்பது நூற்றுக்கணக்கான சிறு அறைகள் கொண்ட மரத்தட்டுகள். அறைகளின் மேல் எதுவும் எழுதியிருக்காது, விரல்தான் வழி தெரிந்துகொள்ள வேண்டும். இடது கையில், எழுத்துகளை வரியாக அடுக்கும் கம்போசிங் ஸ்டிக்கைப் பிடித்து, வலது கையால் எழுத்தை எடுத்து, அடிப்பக்கத்தில் உள்ள வெட்டு வெளியே தெரியும்படி தலைகீழாக வைக்க வேண்டும். கடைசியாக வைத்த எழுத்தை இடது கட்டைவிரல் விடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும்.

கதையின் முதல் சொல் ‘ஒருவேளை’. ஆங்கிலத்திலும் அதே பொருள் தரும் சொல்லில்தான் தொடங்குகிறது. கணினியில் அதை அடிக்க ஒரு நொடி ஆகாது. ஈயத்தில் ஒ, ரு, இரட்டைக்கொம்பு, வ, இணைக்கொம்பு, ள என்று ஆறு துண்டுகள். வாயில் ‘வே’ என்று வருவதால் கை முதலில் ‘வ’வுக்குப் போகிறது, கொம்பு அல்லவா முதலில் நிற்க வேண்டும்? ஒவ்வொரு கொம்புக்கும் ஒருமுறை தடுமாறினேன். ஐயா பக்கத்து கேஸிலிருந்து ஒற்றைத் துண்டாக ஒரு ‘ளை’யை எடுத்து நீட்டினார், யானைத் துதிக்கை போல வளைந்த பழைய வடிவம். “இது 78 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது. இதைப் போட்டால் ஐந்தோடு முடிந்துவிடும்” என்றார். சபலம் தட்டியது. ஆனால் ஒரு பக்கத்துக்கு வேண்டிய அளவு இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு இரண்டு மணி நேரத்தில் கோத்தது நான்கு வரி. புரூஃப் எடுத்ததில் பதினோரு பிழை, அவற்றில் ஏழு ‘ர’வும் துணைக்காலும் இடம் மாறியவை. தலைகீழாக வைத்துப் பார்க்கும்போது இரண்டும் ஒட்டிப்பிறந்தவை போலத்தான் இருக்கின்றன. வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து வர்ஜீனியாவின் கடிதங்களைப் புரட்டினால், இயந்திரம் வந்த வாரமே அவரும் ‘எச்’ எழுத்தையும் ‘என்’ எழுத்தையும் கலந்துவிட்டுப் புலம்பியிருக்கிறார். ஆங்கிலத்துக்கு இருபத்தாறே எழுத்து, அதிலேயே அவருக்கு அந்தக் கதி என்றால் எனக்கு என்ன வெட்கம் என்று அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

அவர்களுக்கு வந்த இயந்திரம் உடைந்தே வந்ததாம். வீட்டுப் பணிப்பெண்ணின் உதவியோடு வரவேற்பறைக்குத் தூக்கிப்போய் நிறுத்திய பிறகுதான் ஒரு பாகம் இரண்டாக முறிந்திருப்பதைக் கண்டார்கள். எனக்கு உடைந்தது பக்கம். ஐந்தாவது ஞாயிறு 17 வரி கோத்து முடித்து, நூலால் சுற்றிக் கட்டாமல், அவசரத்தில் இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினேன். நடுவில் ஒரு வரியில் ஸ்பேஸ், அதாவது சொற்களுக்கு நடுவே வைக்கும் ஈயத்துண்டு, தளர்வாக இருந்திருக்கிறது. அங்கிருந்து சரிந்து, பக்கம் முழுவதும் சிமெண்டுத் தரையில் கொட்டியது. ஈயம் தரையில் சிதறும் சத்தத்தைக் கேட்ட பிறகு எந்தப் புத்தகத்தையும் ‘லேசான நடை’ என்று சொல்ல வாய் வராது. ஐயா ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கிவரச் சொல்லி என்னை வெளியே அனுப்பிவிட்டு, நான் திரும்பி வருவதற்குள் கால்வாசியை அள்ளி உரிய அறைகளில் போட்டிருந்தார்.

வேலைப் பங்கீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வூல்ஃப் வீட்டில் எழுத்துக் கோப்பதும் தைப்பதும் வர்ஜீனியா, இயந்திரம் ஓட்டுவது லெனார்ட். காரணம், லெனார்டுக்குப் பிறவியிலிருந்தே கை நடுக்கம். இரண்டு மில்லிமீட்டர் ஈயத்துண்டை அந்த விரல்களால் பிடிக்க முடியாது. இதே லெனார்ட்தான் அதற்கு முன் இலங்கையில் ஆங்கிலேய அரசின் அதிகாரியாக 1904 கடைசியில் போய் இறங்கி, முதலில் யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்தவர். தமிழும் சிங்களமும் கற்றுத் தேர்வு எழுதியவர். 1911-இல் விடுப்பில் ஊர் திரும்பியவர் பிறகு வேலையை விட்டுவிட்டு வர்ஜீனியாவை மணந்தார். எங்கள் அச்சகத்தில் பங்கீடு நேரெதிர்க் காரணத்தால் அமைந்தது. டிரெடில் வாய் திறந்து மூடுவதற்குள் தாளை வைத்துக் கையை எடுக்க வேண்டும், எனக்கு விரல்கள் மேல் ஆசை அதிகம். ஆகவே நான் கோத்தேன், ஐயா மிதித்தார்.

வேலையின் போக்கிலேயே வர்ஜீனியாவைப் பற்றி எனக்கு வேறொன்று புலப்பட்டது. அவருடைய வாக்கியங்கள் அரைப்புள்ளி வைத்து வைத்து நீளுபவை. ஐயாவின் கேஸில் மொத்தம் ஒன்பது அரைப்புள்ளிகளே இருந்தன. கல்யாணப் பத்திரிகைக்கு எதற்கு அரைப்புள்ளி? ‘நிகழும் மங்களகரமான’வுக்குத் தேவையானதெல்லாம் கைக்கொள்ளாமல் கிடக்கிறது, தயக்கத்துக்குத் தேவையானது இல்லை. முதல் பத்தியில் அடுப்புத் தீ, பக்கத்தின் மேல் விழும் மஞ்சள் வெளிச்சம், கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்று சாமந்திப் பூக்கள் என்று அவர் அடுக்கும் இடத்தில் இரண்டு போட்டேன். அடுத்த பத்தியில் மீதியும் தீர்ந்து, சில இடங்களில் கமாவை வைத்து ஒப்பேற்றினேன். ஒவ்வொரு முறையும் வாக்கியம் கொஞ்சம் அவசரப்பட்டது. கண்ணால் படித்த பத்தாண்டுகளில் ஒருமுறையாவது இதைக் கவனித்தேனா? இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் வெற்றிடம். அச்சில் காலியாகத் தெரியும் இடம் கோப்பவருக்குக் காலி கிடையாது. ஒரு பத்திக்கும் அடுத்த பத்திக்கும் நடுவே இரண்டு வரி இடைவெளி வேண்டுமென்றால் எழுத்தைவிட உயரம் குறைந்த ஈயத்தை எண்ணி எடுத்து அடுக்க வேண்டும். சும்மா இருப்பதற்கும் எடை உண்டு. 1922-இல் வந்த ‘ஜேக்கப்ஸ் ரூம்’ நாவலில் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே பெரிதும் சிறிதுமாக வெள்ளை விட்டிருப்பார். இளைஞன் ஜேக்கப் அந்த வெள்ளைகளுக்கு நடுவில் அங்கங்கே தென்பட்டு, கடைசியில் போரில் காணாமல் போவான். முன்பு அது எனக்கு நவீனத்துவச் சாமர்த்தியமாகத்தான் பட்டது. இப்போது, ஐந்து ஆண்டுகளாக வெள்ளையைக் கையால் எடுத்து அடுக்கிப் பழகிய ஒருத்தி எழுதியதாகப் படிக்கிறேன். நிரூபணம் கேட்டால் என்னிடம் இல்லை, அந்த நாவலை அச்சிட்டதும் வேறொரு பெரிய அச்சகம்தான். ஆனாலும் அப்படித்தான் படிக்கிறேன்.

அந்த நாவலுக்கு முந்திய இரண்டையும் வெளியிட்டவர் வர்ஜீனியாவின் தாயின் முதல் மணத்தில் பிறந்த ஜெரால்ட் டக்வொர்த். சிறுமியாக இருந்தபோது தன்னிடம் அவர் தகாதவிதமாக நடந்துகொண்டதை வர்ஜீனியா தன் கடைசிக் கால நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த மனிதரின் மேசைக்குக் கையெழுத்துப் பிரதியை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்! ‘ஜேக்கப்ஸ் ரூம்’ தொடங்கி எல்லாமே சொந்தப் பதிப்பகத்தில் வந்தது. இங்கிலாந்தில் நினைத்ததை எழுதச் சுதந்திரம் உள்ள ஒரே பெண் நான்தான் என்று 1925-இல் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். அதை வெறும் பெருமிதமாக எடுத்துக்கொள்ள இப்போது எனக்கு மனம் வரவில்லை.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டாவது ஞாயிறு வரை அச்சு. எங்களிடம் இருந்த எழுத்து ஒன்றரைப் பக்கத்துக்குத்தான் காணும். ஆகவே ஒரு பக்கம் கோத்து, அச்சிட்டு, மண்ணெண்ணெயில் கழுவி, எழுத்தைப் பிரித்துக் கேஸில் போட்டு, அடுத்த பக்கம். அவர்களும் தொடக்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் அச்சிட்டார்கள். சின்னப் புத்தகம் ஒன்றுக்கு இரண்டரை மாதம் ஏன் பிடித்தது என்று இப்போது தெரிகிறது. 40 தாள்களோடு தொடங்கினேன். மூன்றாம் பக்கம் ஏறியபோது ஒரு கட்டைத் திருப்பி வைத்துக் கொடுத்துவிட்டேன், ஏழு தாள்களில் பக்கம் தலைகீழ். மை அப்பியவை, வழுக்கியவை போக நல்லதாக நின்றவை 25. 1918-இல் காதரின் மான்ஸ்ஃபீல்டின் ‘ப்ரெலூட்’ கதையை அச்சிட்டபோது சில பக்கங்களின் தலைப்பில் ‘தி’ என்று ஒரு வேண்டாத சொல்லைச் சேர்த்துக் கோத்து, அப்படியே வெளியிட்டும்விட்டார்கள். அந்தப் பிரதிகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். என் ஏழு தாள்களையும் நான் தூக்கிப்போடவில்லை.

தையல் ஒரே நாள் வேலை. நடுமடிப்பில் மூன்று துளை, மெழுகு தடவிய நூல், உள்ளே முடிச்சு. அட்டைக்கு மைதாப் பசை காய்ச்சி, பூச்சி வராமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டேன். அவர்கள் அட்டைக்கு ஜப்பானியப் பூத்தாள் வாங்கினார்கள். நான் வாங்கியது கைத்தாள், பசை பட்டதும் அப்பளமாய்ச் சுருண்டது. அகராதிகளுக்கு அடியில் இரண்டு நாள் வைத்து நிமிர்த்தினேன்.

1923-இல் எலியட்டின் ‘தி வேஸ்ட் லேண்ட்’ கவிதை முழுவதையும் தன் கையாலேயே கோத்து முடித்துவிட்டு, என் கை நடுங்குவதைப் பாருங்கள் என்று ஒரு தோழிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார் வர்ஜீனியா. நான்கு பக்கத்துக்கே என் இடது கட்டைவிரல் மரத்துப்போயிருக்கிறது.

பதினான்காவது ஞாயிறு ஐயாவுக்கு முதல் பிரதியைக் கொடுத்தேன். படிப்பார் என்று நினைத்தேன். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை ஆள்காட்டி விரலால் தடவினார். “அழுத்தம் கூடிவிட்டது. நான்தான் கவனித்திருக்க வேண்டும்” என்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாசலில் வெளிச்சம் விழும் இடத்துக்கு ஸ்டூலை இழுத்துப்போட்டு, நான்கு பக்கத்தையும் படித்தார். இரண்டாம் பக்கத்தில் இன்னும் ஒரு ‘ர’ காலாகக் கிடக்கிறது என்று நகத்தால் கீறிக் காட்டினார்.

“சுவரில் இருந்தது என்ன தம்பி? ஆணியா?”

“கதையின் கடைசியில்தான் தெரியும், ஐயா.”

“கடைசி என்றால், இன்னும் எத்தனை பக்கம்?”

நம் அளவுக்கு எப்படியும் நாற்பது தாண்டும் என்றேன். அவர் பிரதியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்துபோய், தூசி படிந்த இன்னொரு கேஸை உருவி வெளியே வைத்து ஊதினார். அதில் அரைப்புள்ளிகள் இருந்தன.