வாலண்டியர் லீவில் போகும்போது

கொடைக்கானல் மலையில், சோலை என்று சொல்லும் மலைக்காட்டு மரங்களின் கன்றுகளை வளர்க்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். நாற்றங்கால் கணக்கு, கூலிப் பட்டுவாடா, வனத்துறைக்குக் கடிதம் எல்லாம் என் பொறுப்புதான். ஆனாலும் என் நேரத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது வெளிநாட்டிலிருந்து வரும் வாலண்டியர்கள். வந்து இறங்கியதும் ரூம், கம்பளி, சிம் கார்டு, போலீஸ் பதிவு என்று ஓட வேண்டும். எல்லாம் பழகி, தமிழில் நாலு வார்த்தை பேச ஆரம்பித்து, வேலையும் கைவந்த பிறகு ஒவ்வொருவரும் அதே கேள்வியோடு வருவார்கள்: "கொஞ்ச நாள் லீவு கிடைக்குமா? இந்தியாவைச் சுத்திப் பார்க்கணும்."

எங்கள் ஆட்களுக்கு இது பிடிப்பதில்லை. "சேவை செய்ய வந்தவங்களுக்கு எதுக்கு டூர்?" என்று நேராகவே கேட்டுவிடுவார்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. மண் கலந்து பை நிரப்பும் பெண்களுக்கு லீவு என்றால் சாவு, கல்யாணம், காய்ச்சல், இல்லாவிட்டால் தைப்பூசத்துக்குப் பழனி. ஊர் பார்ப்பதற்காக ஒருவர் லீவு கேட்பதை அவர்கள் கண்டதே இல்லை. ஆனாலும் அந்த லீவைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதுதான் என் கட்சி. பல வருடமாகப் பார்த்ததில், அந்த லீவு வேலைக்கே தேவைப்படுகிறது.

இது புதிய ஏற்பாடும் கிடையாது. கென்னடி காலத்தில், 1961-ல் தொடங்கிய அமெரிக்க பீஸ் கோர் என்ற வாலண்டியர் அமைப்பிலிருந்து 1976 வரை இந்தியாவுக்கும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அந்த அமைப்பில் சேவை செய்யும் ஒவ்வொரு மாதத்துக்கும் 2 நாள் விடுப்பு உண்டு. முதல் 3 மாதமும் கிளம்பும் முன் கடைசி 3 மாதமும் பொதுவாக அதை எடுக்க விடமாட்டார்கள். ஜெர்மன் அரசு 2008-ல் தொடங்கிய வெல்ட்வேர்ட்ஸ் என்ற வாலண்டியர் திட்டத்தில் 18 முதல் 28 வயதுக்காரர்கள் வருகிறார்கள், பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு. அவர்களுக்கும் விடுமுறை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. பீஸ் கோரின் அந்த முதல் 3 மாத விதி எனக்கு மிகவும் பிடித்தது. மலைக்குளிருக்கும் எங்கள் சாப்பாட்டுக்கும் உடம்பு பழகவே அந்த மூன்று மாதம் போய்விடும். அதற்குள் ஊர் சுற்றக் கிளம்பினால் இரண்டு இடமும் மனதில் நிற்காது. அதனால் நாங்களும் அதையே வைத்துக்கொண்டோம்.

வனவியல் படித்த ஒரு ஜெர்மன் இளைஞர் எங்களிடம் இருந்தார். வேலையில் கெட்டி. சோலை மர விதைகளில் பலவற்றைக் காயவைத்து டப்பாவில் போட்டு வைக்க முடியாது. நாவல் இனத்து விதையெல்லாம் ஈரம் காய்ந்தால் செத்துவிடும். பொறுக்கிய வேகத்தில் ஊன்றிவிட வேண்டும். இதையெல்லாம் அவர் சீக்கிரமே பிடித்துக்கொண்டார். ஒன்று மட்டும் அவருக்குள் இறங்கவில்லை. எங்கள் நாற்றங்காலில் மூத்தவர் ஒரு அக்கா. எதிரே, வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட தைலமரமும் வாட்டில் மரமும் அடர்ந்து நிற்கும் சரிவைக் காட்டி, "அங்க மரமே கிடையாது தம்பி, பூரா புல்லுதான். எங்கப்பா மாடு மேச்ச இடம்" என்று அடிக்கடி சொல்வார். இவர் மரியாதையாகத் தலையாட்டுவார். அவருடைய ஊரில் படித்தவரைக்கும் மலை என்றால் காடு, காடு என்றால் மரம். மரம் இல்லாத மலை யாரோ வெட்டி அழித்த மலை. அதனால் அக்கா சொல்லும் புல்வெளி அவருக்கு ஒரு நஷ்டமாகத்தான் கேட்டது. இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கொடைக்கானலுக்கு வரும் நம்மவர்களே யாரோ நட்டு வளர்த்த பைன் காட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, இதுதான் இயற்கை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

மழைக்காலம் முடிந்ததும் லீவில் கிளம்பினார். ஹம்பி, கொச்சி எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாக மூணாறு. அங்கே இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போயிருக்கிறார். 97 சதுர கிலோமீட்டர். 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். வரையாடு பார்க்கத்தான் எல்லோரும் அங்கே போவார்கள். இவர் வரையாட்டையும் பார்த்தார். அதைவிட, முகடும் சரிவும் திறந்த புல்லாகக் கிடப்பதையும், மலை மடிகிற இடத்தில் மட்டும், ஓடை ஓரமாக, சோலை கரும்பச்சையாக ஒட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்தார். யாரும் வெட்டாத, யாரும் நடாத மலை இப்படித்தான் இருக்கும் என்று கண்ணால் கண்டார்.

திரும்பி வந்த அன்று பையைக்கூட இறக்கவில்லை. நேரே நாற்றங்காலுக்குப் போய் அந்த அக்காவிடம் போனைக் காட்டினார். அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதேதான். இப்படித்தான் இருந்துச்சு" என்றார். அந்த வருடம் எந்த மடிப்பில் மரம் நடுவது, எந்த முகட்டில் கை வைக்காமல் புல்லுக்கே விட்டுவிடுவது என்ற பட்டியலை அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து போட்டார்கள். மஞ்சளாறும் சண்முக நதியும் இந்த மலையிலிருந்துதான் இறங்குகின்றன. மேலே சோலையும் புல்லும் தண்ணீரைப் பிடித்துவைத்து மெதுவாக விடுவதால்தான் கீழே வாய்க்காலில் ஓடுகிறது. அக்காவுக்கு இது ஏற்கெனவே தெரிந்த சங்கதி. அவர் சொல்வதை உட்கார்ந்து கேட்க அந்தத் தம்பிக்கு ஒரு பயணம் வேண்டியிருந்தது. பக்கத்து மாநிலத்துக்குப் போய்வந்த பிறகுதான் பக்கத்தில் இருந்தவரின் பேச்சு அவருக்குக் காதில் விழுந்தது.

லீவு கொடுப்பதில் என் பங்கு பெரும்பாலும் காகிதம்தான். வீசா 180 நாளுக்கு மேல் என்றால் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு முடிந்திருக்க வேண்டும். அந்தக் காகிதத்தின் நகல் பயணத்தில் கையில் இருக்க வேண்டும். தங்கும் ஒவ்வொரு இடத்திலும் வெளிநாட்டவர் வந்து தங்கியிருப்பதை லாட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாமென்றே சின்ன லாட்ஜ்கள் பல வெளிநாட்டவர்களைச் சேர்ப்பதில்லை. ராத்திரி நேரத்தில் எங்கோ வடக்கிலிருந்து போன் வரும், நான் தூக்கத்தோடு இந்தியில் பேசிச் சமாளிப்பேன். சரி, அது என் வேலை.

காகிதத்தைவிட நான் முக்கியமாக நினைப்பது இன்னொன்றை. லீவு கேட்கிற ஒவ்வொரு வாலண்டியரிடமும், "நீங்க இல்லாதப்ப உங்க வேலையை யார் செய்வாங்க?" என்று கேட்பேன். "யாரும் இல்லை" என்று பதில் வந்தால் லீவை நிறுத்துவதில்லை. அந்த வேலையைத்தான் மாற்றுவேன். பிரான்ஸிலிருந்து வந்த ஒரு பெண் சாயந்தர வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம், கணக்கு. பிள்ளைகளுக்கு அவர் என்றால் உயிர். ராஜஸ்தான் போக லீவு கேட்டபோது நாங்கள் இந்தக் கேள்வியோடு உட்கார்ந்தோம். ஊரில் பிளஸ் டூ படிக்கும் இரண்டு பெண்பிள்ளைகளைப் பிடித்தார். கிளம்பும் முன் பல வாரம் அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வகுப்பு எடுத்தார், எந்தப் பிள்ளைக்கு எது வராது என்பதை ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தார். அவர் போன பிறகு ஆரம்பத்தில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. அப்புறம் வந்தார்கள். அந்தப் பெண்கள் வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள், சந்தேகத்தைத் தமிழிலேயே தீர்த்தார்கள். திரும்பி வந்தவர் வகுப்பைத் தன் கைக்கு வாங்கிக்கொள்ளவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, பின்தங்கிய பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொண்டார். ஒரு வருடத்தில் ஊருக்குப் போய்விடுகிறவர் இதைவிடப் பெரிதாக எதைச் செய்துவிட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பிரான்ஸ் போன பிறகும் அந்த வகுப்பு நடக்கிறது.

அவரே சொன்ன இன்னொரு விஷயமும் மனதில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தமிழில் பேரம் பேசிக் காய்கறி வாங்குகிறவர் அவர். தாஜ்மகாலில் இந்தியர்களுக்கு 50 ரூபாய் டிக்கெட், அவருக்கு 1,100. அந்த வரிசையில் நின்றபோதுதான், தான் இந்த நாட்டில் விருந்தாளி என்பது திரும்பவும் உறைத்ததாம். கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னார். நல்லதுதான் என்று நான் நினைத்தேன். மலையில் எல்லோரும் அவரைக் கொண்டாடுகிறார்கள். விருந்தாளி என்ற நினைப்பு இருந்தால் ஒரு முடிவை எடுக்கும் முன் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றும்.

இனி, என்னை விடாமல் உறுத்திய விஷயம். அன்றைக்கு அந்த அக்கா இரவிகுளம் படத்தைப் பார்த்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நாங்க எப்பப் போறது?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் கேட்டார். எங்கள் பட்ஜெட்டில் வாலண்டியர் பயணத்துக்கு ஒரு தலைப்பு உண்டு. நாள்கூலிப் பெண்கள் பயணம் போவதற்குத் தலைப்பே கிடையாது. அவர்களுக்கு லீவு என்றால் அன்றைய கூலி போச்சு. புல்வெளியைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவருக்கு அதைத் திரும்பப் பார்க்க வழி இல்லை, பார்த்தே இராதவருக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கிறோம். இதை நான் கூட்டத்தில் சொன்னேன், கடிதமாகவும் எழுதினேன், நிதி கொடுப்பவர்களிடம் மறுபடி மறுபடி பேசினேன். கடைசியில் சம்பளத்தோடு லீவும் ஒரு வேனும் கிடைத்தது.

பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி ஈனும் காலம் என்று பூங்காவை மூடிவிடுவார்கள். அதனால் ஏப்ரலில் போனோம். வத்தலக்குண்டு, தேனி, போடி, போடிமெட்டு வழியாக மூணாறு. ஏப்ரலில் நாற்றங்காலில் தண்ணீர் தப்பக்கூடாது. முந்தின நாள் சாயந்தரம் அந்த அக்கா வாலண்டியர்களை நிற்கவைத்துப் பாடம் எடுத்தார்: "பூவாளியில ஊத்துங்க. ஹோஸை வச்சு அடிச்சா நாத்து சாஞ்சிரும். வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே முடிச்சிரணும் பாப்பா." நாங்கள் திரும்பி வந்தபோது ஒரு பைகூட வாடியிருக்கவில்லை. பூங்காவின் ராஜமலைச் சரிவில் அக்கா என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை. வந்த வாரமே, புல் விதைக்குத் தனிப் பாத்தி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

இந்த வருடம் அந்தப் பெண்கள் ராமேஸ்வரம் கேட்கிறார்கள். அங்கே சோலையும் கிடையாது, புல்வெளியும் கிடையாது, எங்கள் வேலைக்கும் அந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கடல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் நானும் 'கடல் பார்க்க' என்றே எழுதியிருக்கிறேன். வேன் பேசியாகிவிட்டது. இப்போது இருக்கும் வாலண்டியர்கள் தங்கள் லீவைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். அந்த நாள்களில் நாற்றங்கால் அவர்கள் பொறுப்பு.