ஓசிடி இருக்கற குட்டிப் பசங்களோட நாங்க ஏன் விளையாடறோம்

ஓசிடிங்கறது, ஏதோ ஒரு பயம் திரும்பத் திரும்ப வந்து, அது அடங்கறதுக்காக கழுவறது, எண்றதுன்னு ஒரே வேலையை செஞ்சுட்டே இருக்க வைக்கிற மனப் பிரச்சனை. அஞ்சு வயசுப் புள்ளைக்கு அது இருக்குன்னா வீட்ல யாரும் சட்டுனு நம்ப மாட்டாங்க. "எம்பேத்தி ரொம்ப சுத்தக்காரி"ன்னு பாட்டி பெருமையாதான் சொல்லிட்டிருப்பாங்க, கழுவிக் கழுவி கைத்தோல் வெடிக்கிற வரைக்கும். அப்புறம் தெரபின்னு வந்து பாத்தா தெரபிஸ்ட் நாங்க பொம்மையும் தாயக்கட்டையும் வெச்சுட்டு தரையில உக்காந்திருக்கோம், இதுக்கா காசுன்னு சில அப்பாக்களுக்கு மூஞ்சியிலயே தெரியும். நியாயமான சந்தேகம்தாங்க.

ஏன்னா வெறுமனே விளையாட விட்டா ஓசிடி போகாது. வேலை செய்யறது ஈஆர்பி, அதாவது எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் ப்ரிவென்ஷன்ங்கற முறை. பயப்படற விஷயத்தை கொஞ்சம் கொஞ்சமா தொட வெச்சு, தொட்டப்புறம் கழுவறது, எண்றது, திரும்பத் திரும்பக் கேக்கறது எதுவும் செய்யாம இருக்கப் பழக்கறது. 1966லயே லண்டன்ல விக்டர் மேயர்ங்கற சைக்காலஜிஸ்ட் பெரியவங்களுக்கு இப்படிச் செஞ்சு பாத்து எழுதிட்டார். பெரியவங்ககிட்ட "கொஞ்ச நேரம் பதறும், பொறுத்துக்கோங்க"ன்னு சொல்லிப் புரியவைக்கலாம், யூகேஜி புள்ளைகிட்ட அந்தப் பேச்சு எடுபடுமா?

அதனால பயத்துக்கு ஒரு ஆள் உருவம் குடுத்துடுவோம். பேரை புள்ளையே வைக்கணும், ஒரு குட்டி "சோப்பு பூதம்"னு வெச்சுது. பூதம் கழுவச் சொல்லுது, நாம கழுவாம அதைக் கடுப்பேத்தணும், அதுதான் கேம். தாயம் போட்டா கதவுப்பிடியைத் தொடணும், பன்னெண்டு விழுந்தா செருப்பு, நானும் தொடுவேன். பயம் எவ்வளவுன்னு பத்துக்கு மார்க் போடறதெல்லாம் இந்த வயசுல வராது, "முட்டி வரைக்கும் இருக்கா, கழுத்து வரைக்கும் இருக்கா"ன்னு கேட்டா டக்குனு கையை வெச்சுக் காட்டும்.

இங்க ஒரு சிக்கல் இருக்கு. புள்ள சிரிச்சுட்டே விளையாடி முடிச்சுட்டு நேரா வாஷ்பேசினுக்கு ஓடிட்டா அது ஈஆர்பியே இல்ல. விளையாட்டு பயத்தை முழுசா மறக்கடிச்சாலும் பிரயோஜனமில்ல, பயம் கொஞ்சமாவது இருக்கணும். சில சமயம் "மூணு தடவை உருட்டினாதான் சரி"ன்னு தாயமே புதுச் சடங்கா மாறும், அன்னிக்கே அதைத் தூக்கி உள்ள வெச்சுடுவேன்.

அமெரிக்காவுல 5லேருந்து 8 வயசு வரைக்கும் 127 பசங்களை வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, 2014ல வெளிவந்துது. அப்பா அம்மாவையும் சேத்து ஈஆர்பியோட 14 வாரம் சிபிடி (நினைப்பையும் நடத்தையையும் மாத்தப் பழக்கற தெரபி) குடுத்த குரூப்ல 72 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், அதே மாதிரி அப்பா அம்மாவையும் சேத்து ரிலாக்சேஷன் சொல்லிக்குடுத்த குரூப்ல 41 சதவீதம். "அப்பா அம்மாவையும் சேத்து"ங்கறதை அடிக்கோடு போட்டுப் படிங்க. "அம்மா என் கை சுத்தமா?"ன்னு நாப்பதாவது தடவை கேக்கும்போது சுத்தம்தான் கண்ணுன்னு சொன்னா பூதத்துக்கு சோறு போட்ட மாதிரி. "இது நீ கேக்கறியா, பூதம் கேக்குதா?"ன்னு திருப்பிக் கேட்டுட்டு விட்டுடணும். ஆரம்பத்துல அழுகை கூடத்தான் செய்யும், அதை முன்னாடியே சொல்லிடறேன். புள்ளையை உள்ள கூட்டிட்டுப்போய் விளையாடிட்டு உங்களை எப்பவும் வெளிய சேர்லயே உக்கார வெக்கிற தெரபிஸ்ட்னா, உள்ள என்ன நடக்குது, வீட்ல நாங்க என்ன செய்யணும்னு தயங்காம கேளுங்க.