காலநிலை மாநாட்டுக்குப் போகும் விமான டிக்கெட்டின் கரிக்கணக்கு

காப் என்பது ஐ.நா.வின் ஆண்டுக் காலநிலை மாநாடு. 2021-இல் கிளாஸ்கோவில் நடந்த காப் 26-இன்போது, அந்த மாநாட்டால் உண்டாகும் கரியுமிழ்வுக்கு வெளியான முதல் மதிப்பீடு சுமார் 1,02,500 டன். அதில் ஏறக்குறைய 60 சதவீதம் வெளிநாட்டு விமானப் பயணத்தால் வந்தது. மாநாடு முடிந்து கணக்கை மூடியபோது மொத்தம் 1,31,000 டன்னைத் தாண்டியிருந்தது. செய்திகளில் இன்றும் அதிகம் அடிபடுவது பழைய எண்தான். இந்தக் கணக்கைப் போட்டுப் பழகியவர்களுக்கு இந்த இடைவெளி ஆச்சரியம் தராது. தவறு நுழைய அத்தனை வாசல்கள் இருக்கின்றன.

முதல் வாசல், யாரைச் சேர்ப்பது என்பது. பேச்சுவார்த்தை நடக்கும் நீல மண்டலத்துக்கு அனுமதி அட்டை வாங்கியவர்கள் மட்டுமா, பொதுமக்களுக்கான பச்சை மண்டலத்துக்கு வந்தவர்களுமா? கூடாரம் போட வந்த ஒப்பந்ததாரர்கள், காவலர்கள், பத்திரிகையாளர்கள்? பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையை அப்படியே எடுத்துவிடக் கூடாது. துபாய் காப் 28-இன் தற்காலிகப் பட்டியலில் 97,000 பேருக்கு மேல் இருந்தார்கள். நேரில் வந்து அட்டை பெற்றவர்கள் அதைவிட 10,000-க்கும் மேல் குறைவு. வராதவர்களுக்கும் இருவழி டிக்கெட் போட்டுக் கணக்கெழுதினால் ஆயிரக்கணக்கான டன் காற்றிலிருந்தே முளைக்கும்.

அடுத்தது, எங்கிருந்து வந்தார் என்பது. இதுதான் அதிகம் கண்ணில் படாமல் போகும் தவறு. பதிவேட்டில் இருப்பது அவரை நியமித்த நாடு. அவர் விமானம் ஏறிய ஊர் அல்ல. பசிபிக் தீவு நாடு ஒன்றின் பிரதிநிதி நியூயார்க்கில் உள்ள தன் நாட்டுத் தூதரகத்திலிருந்து கிளம்பி வரக்கூடும். ஒரு நாட்டின் அட்டையை அணிந்து வருபவர் அந்த நாட்டில் கால் வைக்காத தொழில் துறை ஆளாகவும் இருப்பார். நாட்டின் தலைநகரையே புறப்பாட்டு இடமாக வைத்துக் கணக்கிடுவது சோம்பேறித்தனம். ஆனால் தரவு இல்லாதபோது எல்லோரும் செய்வது அதைத்தான்.

தூரக் கணக்கில் நேரும் பிழைகள் சிரிப்பை வரவழைப்பவை. ஊர்ப் பெயரை வைத்து நிலையத்தைத் தேடினால் குழப்பம் நிச்சயம். 2019 அக்டோபரில் காப் 25-க்கான முன்கூட்டம் கோஸ்டாரிகாவின் சான் ஹோசேயில் நடந்தது. எக்செல் பட்டியலில் அதே எழுத்துகளில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயும் காத்திருக்கும். அதனால் எப்போதும் மூன்றெழுத்து விமான நிலையக் குறியீட்டையே வாங்க வேண்டும்: கோஸ்டாரிகா எஸ்.ஜே.ஓ, கலிஃபோர்னியா எஸ்.ஜே.சி. அட்சரேகை, தீர்க்கரேகையில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போனாலும் கதை முடிந்தது. காப் 30 நடந்த பிரேசிலின் பெலெம் நகரம் மேற்குத் தீர்க்கரேகை 48.5 பாகையில் இருக்கிறது. குறியை விட்டால் அது சோமாலியாவுக்கு அப்பால் இந்தியப் பெருங்கடலுக்குள் விழும். சென்னையிலிருந்து சுமார் 14,200 கி.மீ. என்பது 3,850 கி.மீ. ஆகிவிடும். சூத்திரம் எந்த எச்சரிக்கையும் தராது.

அந்த 14,200 கி.மீ.கூட வரைபடத்துக் கோடுதான். சென்னையிலிருந்து பெலெமுக்கு நேர் விமானம் கிடையாது. துபாய், லிஸ்பன் வழியாகப் போனால் சுமார் 15,080 கி.மீ.; துபாய், சாவ் பாவ்லோ வழியாகப் போனால் சுமார் 17,600. ஒவ்வொரு பறப்பையும் தனித்தனியாக எடுத்துக் கூட்டினால்தான் இது தெரியும். 'டைரக்ட்' என்று டிக்கெட்டில் இருப்பதை நம்பவேண்டாம். ஒரே விமான எண்ணிலேயே நடுவில் ஓரிடத்தில் இறங்கி ஏறும் விமானங்கள் உண்டு.

இனி காரணி, அதாவது ஒரு பயணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு உமிழ்வு என்ற எண். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதில் சர்ச்சை இல்லை. அதை ஒரு பயணியின் தலையில் எவ்வளவு கட்டுவது என்பதில்தான் எல்லாமே. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முறையில் ஒவ்வொரு பறப்புக்கும் அதன் தூரத்தைப் பொறுத்து, சுற்றுவழிக்காக 50, 100 அல்லது 125 கி.மீ. கூடுதலாகச் சேர்ப்பார்கள். பிரிட்டன் அரசு ஆண்டுதோறும் வெளியிடும் காரணிகளில் சுற்றுவழிக்கான 8 சதவீதம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. இரண்டையும் கலந்தால் ஒரே சுற்றுக்கு இருமுறை கட்டணம். உயரத்தில் பறக்கும்போது உண்டாகும் புகைவரி மேகங்கள், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகியவற்றின் வெப்ப விளைவைச் சேர்க்க பிரிட்டன் காரணிகள் முன்பு 1.9-ஆல் பெருக்கின, இப்போது 1.7. இதைச் சேர்த்தார்களா இல்லையா என்று சொல்லாத அறிக்கையை இன்னொரு மாநாட்டு அறிக்கையோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

கையால் போட்டுப் பார்க்கலாம். எக்கானமியில் கிலோமீட்டருக்கு 90 கிராம் என்று வைத்துக்கொள்வோம். லிஸ்பன் வழியாகப் போய்வர 30,160 கி.மீ., அதாவது சுமார் 2.7 டன். 1.7-ஆல் பெருக்கினால் 4.6 டன். ஓர் இந்தியரின் சராசரி ஆண்டு கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு 2 டன் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறது. சாவ் பாவ்லோ வழி என்றால், பெருக்காமலேயே 0.45 டன் கூடும்.

இப்போது இருக்கையை மாற்றுங்கள். நீள்தூரப் பயணத்தில் பிசினஸ் வகுப்புக்குப் பிரிட்டன் காரணி எக்கானமியைப் போல 2.9 மடங்கு, முதல் வகுப்புக்கு 4 மடங்கு. விமானத்தின் தரைப்பரப்பில் அந்தப் படுக்கை இருக்கை பிடிக்கும் இடத்தின் கணக்கு அது. 2.7 டன் 7.9 ஆகிறது. ஒருவர் பிசினஸிலிருந்து எக்கானமிக்கு மாறினால் மிச்சமாகும் 5 டன்னுக்கு, 11 பேர் சாவ் பாவ்லோ வழியை விட்டு லிஸ்பன் வழிக்கு மாற வேண்டும். அரங்கில் காகிதக் கோப்பையா, எவர்சில்வர் டம்ளரா என்று குழு கூடி விவாதிக்கும் நேரத்தில் பாதியை டிக்கெட் விதிகளுக்குக் கொடுத்தாலே போதும்.

சிக்கல் என்னவென்றால் வகுப்பு பெரும்பாலும் பதிவாவதே இல்லை. பயண முகவரின் பில்லில் ஓர் ஒற்றை எழுத்துதான் இருக்கும்: ஜே, சி, டி என்றால் வழக்கமாக பிசினஸ், ஒய், எம், கே என்றால் எக்கானமி. நிறுவனத்துக்கு நிறுவனம் இதிலும் வேறுபாடு உண்டு. மைல்களைக் கொடுத்து மேல்வகுப்புக்கு ஏறியது போர்டிங் பாஸில் மட்டுமே தெரியும்.

பெலெமில் தங்கும் இடம் போதாமல் எம்எஸ்சி சீவ்யூ, கோஸ்டா டயடெமா என்ற இரண்டு பயணக் கப்பல்களை நகரத்துக்கு வெளியே ஔதெய்ரோ துறையில் நிறுத்தினார்கள். அறைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்ற ஹோட்டல் காரணியை இங்கே போட முடியாது. கரை மின்சாரம் இல்லாத துறையில் கப்பல் தன் துணை எஞ்சின்களை ஓட்டித்தான் விளக்கும் குளிர்சாதனமும் தரும். எரிபொருள் பதிவேட்டை வாங்கி, தங்கியவர் எண்ணிக்கையால் வகுப்பதே சரியான வழி.

இணையத்திலேயே நடத்தினால் என்ன என்று கேட்பவர்கள் 2021 ஜூனைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் பான் நகரில் வழக்கமாகக் கூடும், ஐ.நா. காலநிலை ஒப்பந்தத்தின் துணை அமைப்புகளின் அமர்வு அந்த ஆண்டு திரையில் நடந்தது. முறையான முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை. பசிபிக் தீவில் நள்ளிரவில் இணைப்பு அறுந்தவருக்கு, நடைவழியில் பிடித்து இரண்டு நிமிடம் பேசும் வாய்ப்பும் இல்லை. பேச்சுவார்த்தையாளரைக் குறைப்பது இந்தக் கணக்கின் நோக்கமாக இருக்கக் கூடாது. பக்க நிகழ்வில் ஒரு மணி நேரம் பேசிவிட்டு மறுநாள் திரும்பும் பேச்சாளருக்குத் திரை தாராளமாகப் போதும்.

ஆகவே அட்டைக்கான பதிவுப் படிவத்திலேயே நான்கு கட்டங்கள் வேண்டும்: விமானம் ஏறிய நிலையத்தின் குறியீடு, இடையில் இறங்கிய ஒவ்வொரு நிலையம், உட்கார்ந்த வகுப்பு, இதே பயணத்தில் வேறு வேலையும் உண்டா என்பது. மாநாடு முடிந்த பின் மின்னஞ்சலில் கேட்டால் பதில் வராது. அட்டையை வாங்க வரிசையில் நிற்கும்போது போர்டிங் பாஸ் இன்னும் சட்டைப் பையில் இருக்கும்; அப்போதே கேட்டுவிட வேண்டும்.