மழைக்காலத்தில் பழக் கிரீம் கேக்: மலேசியாவின் சுங்கை சிப்புட் வெக்கைக்குச் சரிப்பட்டு வந்த அளவுகள்

குளிர்நாடுகளில் இலையுதிர்காலத்துப் பேரிக்காயை வைத்து அடுக்கும் கேக் இது. அங்கே மேசைமேல் வைத்தாலும் கிரீம் நிற்கும். இங்கே ஐப்பசியில் மத்தியானம் 31 டிகிரி, சாயங்காலம் மழை, காற்றெல்லாம் ஈரம். ஸ்பஞ்ச் சுலபமாகச் சரியாக வந்துவிடுகிறது. கிரீமும் பழத்தண்ணீரும்தான் ஆளைச் சோதிக்கின்றன.

ஸ்பஞ்சுக்கு 18 செ.மீ. அச்சு. பி கிரேடு (நடுத்தர அளவு) முட்டை 3, சீனி 90 கிராம், கேக் மாவு 90 கிராம், வெண்ணெய் 20 கிராம், பால் 30 மில்லி. கேக் மாவு இல்லையென்றால் சாதாரண கோதுமை மாவு 75, சோளமாவு 15. முட்டையையும் சீனியையும் வெந்நீர்ச் சட்டிமேல் 40 டிகிரிக்குக் கொண்டுவந்து, இறக்கி, பீட்டரில் அடிக்க வேண்டும். தூக்கி ஊற்றினால் விழுந்த கோடு பத்து எண்ணும்வரை மறையக்கூடாது. மாவைச் சலித்துப் புரட்டி, சூடான பால் வெண்ணெயைக் கடைசியில் சேர்த்து, 170 டிகிரியில் 28 முதல் 30 நிமிடம். வெளியே எடுத்ததும் அச்சை அரைச் சாண் உயரத்திலிருந்து ஒரு தடவை தட்டிப் போடுங்கள். ஆவி உள்ளேயே சிக்கினால் நடுப்பகுதி குழியும். சுற்றிக் கட்டி ஒரு ராத்திரி வைத்தால் அறுக்கும்போது உதிராது.

இனி கிரீம். 35 சதவீதக் கொழுப்புள்ள பால் கிரீம் 300 மில்லி, நான்-டெய்ரி கிரீம் (தாவரக் கொழுப்பில் செய்தது) 100 மில்லி, சீனி 15 கிராம். நான்-டெய்ரியில் ஏற்கெனவே இனிப்பு உண்டு, கூட்ட வேண்டாம். முழுக்கப் பால் கிரீம் போட்டால் ருசி அருமை, ஆனால் 10 டிகிரியைத் தாண்டினாலே கொழுப்பு இளகிக் காற்றைப் பிடிக்காது. முழுக்க நான்-டெய்ரி போட்டால் மணிக்கணக்கில் நிற்கும், அண்ணத்தில் மெழுகாய் ஒட்டும். மூன்றுக்கு ஒன்றுதான் சமரசம். கிரீம், பாத்திரம், பீட்டர் கம்பி மூன்றும் ஐஸ் பெட்டியில் (ஃப்ரிட்ஜில்) இருக்கட்டும். பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் அமர்த்தி அடியுங்கள். உள் அடுக்குக்குக் கம்பியின் தடம் தெளிவாக நிற்கும் பதம், வெளிப்பூச்சுக்கு அதைவிடத் தளர்வு. பூசும்போது கத்தி தேய்த்துத் தேய்த்தே கிரீம் இறுகும். ஒரே பதத்தில் அடித்தால் வெளிப்பக்கம் பொரிபொரியாகத் திரியும்.

பழத்தில் பெரிய வில்லன் வேகவைக்காத அன்னாசி. அதிலுள்ள புரோமெலைன் என்ற நொதி பால் புரதத்தை உடைத்து, சில மணி நேரத்தில் கிரீமைக் கசப்பாக்கித் தண்ணீர் விட வைக்கும். பப்பாளியும் அதே ஜாதி. அன்னாசித் துண்டை 5 நிமிடம் கொதிக்க வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. டின் அன்னாசி ஏற்கெனவே சூடுபட்டது, வடித்தால் போதும். பேரிக்காய் 2 எடுத்து, தண்ணீர் 300 மில்லி, சீனி 80 கிராம், ஒரு துண்டு இஞ்சியோடு கத்தி இறங்கும்வரை வேக வையுங்கள். அந்தப் பாகே ஸ்பஞ்சில் தடவ உதவும். கேமரன் மலை ஸ்ட்ராபெரி புளிக்கிறதே என்று சீனி தூவாதீர்கள், அது தண்ணீரை இழுக்கும். எந்தப் பழமானாலும் 5 மி.மீ. கனத்தில் அறுத்து, டிஷ்யூவில் ஒற்றி, விளிம்பிலிருந்து 1 செ.மீ. தள்ளி அடுக்குங்கள். விளிம்பைத் தொட்ட துண்டுதான் வெள்ளைக் கிரீமில் சிவப்புக் கோடு இழுக்கும்.

ஸ்பஞ்ச் மூன்று வட்டம், ஒவ்வொன்றும் 1.5 செ.மீ. பாகு, மெல்லிய கிரீம், பழம், இடுக்கை நிரப்ப மறுபடி கிரீம். முடித்ததும் மூடி போட்ட டப்பாவில் 4 மணி நேரம் குளிர வேண்டும். மூடாமல் வைத்தால் ஐஸ் பெட்டியிலுள்ள சம்பல் (மிளகாய் விழுது) வாடை ஏறிவிடும். வெளியே எடுத்து அரை மணிக்குள் வெட்டிவிடுங்கள்; கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும்.

மேல் பழத்துக்குப் பளபளப்பு மட்டும் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. மாட்டு ஜெலட்டின் பல வீடுகளில் ஆகாது, அதனால் ஆகார் ஆகார் (கடற்பாசி) தூள்: 200 மில்லி தண்ணீருக்கு 2 கிராம், நன்றாகக் கொதித்த பிறகு 45 டிகிரி வாக்கில் பிரஷால் தடவல். குளிர்ந்த பழத்தில் பட்டதும் உறைந்து திட்டுத் திட்டாகிறது. அடுத்து 1 கிராமுக்குக் குறைத்துப் பார்க்க வேண்டும்.