2.1 செட் போய் 4 அங்குல ஜோடி வந்தது: முதல் கேட்பில் தெரிந்தவை

அறை கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கொண்டோவில். 3 மீட்டர் அகலம், 3.6 மீட்டர் நீளம், நான்கு பக்கமும் கான்கிரீட், தரையில் டைல்ஸ். கழற்றியது கணினியோடு இருந்த, இரண்டு சின்னப் பெட்டியும் மேசைக்கடியில் ஒரு சப்வூஃபரும் (கனத்த ஒலிக்கு மட்டுமான பெட்டி) உள்ள 2.1 ஸ்பீக்கர் செட். மாட்டியது 4 அங்குல வூஃபர் (கீழ் ஒலிக்கு), 1 அங்குல ட்வீட்டர் (மேல் ஒலிக்கு), பின்பக்கம் போர்ட் எனும் காற்றுத்துளை, வலது பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையர் என்று ஒரு ஸ்பீக்கர் ஜோடி.

சொருகியதும் முதலில் தோன்றுவது ‘பாஸ் எங்கே போச்சு?’ என்பதுதான். பாஸ் என்றால் கீழ்ச்சுருதியின் கனத்த ஒலி. அவசரப்பட வேண்டாம். 2.1 செட்டின் சின்னப் பெட்டிகளில் இருப்பது இரண்டு, இரண்டரை அங்குல யூனிட். 200 ஹெர்ட்ஸுக்குக் (நொடிக்கு 200 அதிர்வு) கீழே அதற்குப் பலம் இல்லை. அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் சப்வூஃபர் தலையில் கட்டிவிடுவார்கள். அதுவோ 80, 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரே சத்தமாக ‘டொம்’ என்று கொட்டும். ஆண் குரலின் அடிச்சுருதி ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை; அது சரியாக இந்தக் குழப்பத்தில்தான் விழுகிறது. மின்னல் எஃப்எம் செய்தியை ஆண் குரலில் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் உடனே புரியும். பழையதில் குரலின் கனம் மேசைக்கடியிலிருந்தும் ‘ச’, ‘ற’ எல்லாம் மேசைமேலிருந்தும் வந்தன. இப்போது ஆள் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசுகிறார். மிருதங்கத்தில் தொப்பியின் (இடது பக்கம்) கும்கி வளைந்து ஏறுவது கேட்கிறது. முன்பு அது வெறும் இடி. நட்டமும் உண்டு. 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்த ஜோடியில் பெரிதாக ஒன்றும் இல்லை. படத்தில் குண்டு வெடித்தால் நாற்காலி அதிராது.

இரண்டையும் ஒப்பிடுவதானால் முதலில் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். பிங்க் நாய்ஸ் (சோதனைக்கான சீரான இரைச்சல்) ஓடவிட்டு, கைப்பேசியின் டெசிபல் செயலியைத் தலை இருக்கும் இடத்தில் வைத்து, 1 டெசிபலுக்குள் கொண்டுவந்தால் போதும். இதைச் செய்யாவிட்டால் எது கொஞ்சம் உரக்கக் கேட்கிறதோ அதுவே நல்லதாகத் தோன்றும். கடை டெமோக்கள் பிழைப்பதே அப்படித்தான்.

வயரிங். ஆம்ப் உள்ள பெட்டியிலிருந்து மற்றதற்குப் போகும் கம்பியை 1 செண்டிமீட்டர் உரித்து, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. மாறிவிட்டால் எதுவும் எரியாது, ஆனால் பாஸ் காணாமல் போகும், நடுவில் நிற்க வேண்டிய குரல் இரண்டு காதோரமும் சிதறும். விண்டோஸில் ‘ஆடியோ என்ஹான்ஸ்மெண்ட்’ அணைத்துவிட்டு, சத்தத்தை 80இல் நிறுத்தி, மீதியை ஸ்பீக்கர் குமிழில் பார்த்துக்கொள்ளலாம். 100இல் வைத்தால் சில மதர்போர்டுகள் ஸ்பீக்கரின் இன்புட் தாங்கும் அளவுக்கு மேல் அனுப்பும். உரத்த இடங்கள் கரகரக்கும்.

அடுத்தது இரைச்சல். மெல்லிய ‘ஸ்ஸ்’ ஒலி ஆக்டிவ் ஸ்பீக்கரில் சகஜம், மின்விசிறி ஓடினால் மறைந்துவிடும். ‘ம்ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸில் முனகினால் வேறு விஷயம் (ஐந்து கட்டைச் சுருதியைக் கீழ் ஸ்தாயியில் பிடித்ததுபோல் இருக்கும், தம்பூரா என்று நினைத்து ஏமாறலாம்). ஆடியோ கேபிளை ஸ்பீக்கரிலிருந்து உருவுங்கள். முனகல் நிற்கவில்லை என்றால் கோளாறு ஸ்பீக்கரில். நின்றுவிட்டால், பாட்டரியில் ஓடும் கைப்பேசியை மாட்டிப் பாருங்கள். அதிலும் சுத்தமாக இருந்தால் எர்த் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒரு வளையமாகி முனகலை உள்ளே விடுவது. கணினியும் டிவி டிகோடரும் எச்டிஎம்ஐ வழியாக ஒரே மானிட்டரில் சேரும் வீடுகளில் இது அடிக்கடி வரும். ஆப்டிகல் கேபிள் மின்தொடர்பையே அறுத்துவிடுவதால் அதுதான் முதல் மருந்து. ஆடியோ கேபிளின் நடுவே மாட்டும் 3.5 மிமீ ஐசொலேட்டரும் வேலை செய்யும். மலிவானதில் உள்ள சின்ன டிரான்ஸ்ஃபார்மர் பாஸைக் கொஞ்சம் தின்றுவிடும். எர்த் பின்னை உடைப்பது மருந்தல்ல. இரண்டு பின் பிளக்கை, எர்த் துளையில் பேனாவைக் குத்தி மூன்று பின் சாக்கெட்டில் திணிக்கும் நம்மூர்ப் பழக்கமும் வேண்டாம். சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரையும் ஃபியூஸும் உள்ள அடாப்டரை வாங்குங்கள்.

ஆனால் ஒலியை அதிகம் மாற்றியது பெட்டி வைத்த இடம். நம்மூர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 347 மீட்டர் போகிறது. பெட்டியின் முகத்துக்கும் பின்சுவருக்கும் உள்ள தூரத்தை நான்கால் பெருக்கி, 347ஐ அதால் வகுத்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி எத்தனை ஹெர்ட்ஸில் நேர் ஒலியை அமுக்கிக் குழி பறிக்கும் என்பது வரும். 1 மீட்டர் தள்ளி வைத்தால் 87 ஹெர்ட்ஸ், குரலின் அடியிலேயே குழி. 20 செண்டிமீட்டர் ஆழப் பெட்டி, போர்ட் மூச்சுவிட 6 செண்டிமீட்டர் இடைவெளி என்றால் 334 ஹெர்ட்ஸ். அந்தச் சுருதியில் பெட்டி பின்பக்கம் அனுப்பும் ஒலியே குறைவு என்பதால் குழியும் ஆழமில்லை. சின்ன அறையில் சுவரோரமே மேல். அதனால் பாஸ் வீங்கினால் போர்ட்டில் ஒரு காலுறையைச் சுருட்டிச் செருகிப் பாருங்கள்.

பெட்டிக்குப் பெட்டி 90 செண்டிமீட்டர், காதுக்கும் அதே தூரம், ட்வீட்டர் காது உயரத்தில். 15 செண்டிமீட்டர் உயரத் தாங்கி வைத்ததும் மேசைப் பரப்பில் பட்டு வந்த மழுங்கல் பாதி அடங்கியது. மீதிக்கு ஈக்குவலைசர் ஏபிஓ என்ற விண்டோஸ் மென்பொருள்: பீக் ஃபில்டர் (ஒரு சுருதியைச் சுற்றி மட்டும் கூட்ட, குறைக்க), 160 ஹெர்ட்ஸ், −4 டெசிபல், கியூ 1.4 (கியூ கூடினால் தொடும் பரப்பு குறுகும்). குறைப்பது மட்டும் என்றால் அதிலுள்ள ப்ரீஆம்பை (மொத்தச் சத்த அளவு) தொட வேண்டாம்; எங்காவது 3 டெசிபல் கூட்டினால் ப்ரீஆம்பில் −3 போடுங்கள்.

ப்ளூடூத் பாட்டுக்குச் சரி. படம் பார்க்கையில் உதடு முந்தும், குரல் பிந்தும்; அதற்குக் கம்பிதான்.

வாங்கும்போது வூஃபரைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா ஃபோமா என்று பாருங்கள். கோலாலம்பூர் ஈரப்பதத்தில் ஃபோம் சில வருடங்களில் பிசுபிசுத்து உதிர்ந்துவிடும். ‘புது ஸ்பீக்கரை நூறு மணிநேரம் ஓட்டினால்தான் ஒலி திறக்கும்’ என்ற பேச்சை நம்பிப் பயனில்லை. பெரும்பாலும் பழகுவது காதுதான்.

தீராதது ஒன்று: 3 மீட்டர் அகலத்தால் 58 ஹெர்ட்ஸில் அறையே முழங்குகிறது, பாஸ் கிட்டாரின் ஒரு ஸ்வரம் மட்டும் துருத்துகிறது. கியூ 5இல் −6 டெசிபல் போட்டதில் இருக்கையில் அடங்கியது, அறை மூலையில் அடங்கவில்லை. இந்த நிலையில் சப்வூஃபர் சேர்த்தால் அதே முழக்கத்துக்கு இன்னும் தீனி. மூலையில் ஒலியை உறிஞ்சும் தடித்த ராக்வூல் பலகை நிறுத்திய பிறகு யோசிக்கலாம்.