ஜூலியின் நாலாவது கால்

2024 ஜூன் 2, ஞாயிறு

பால் வாங்கிக்கொண்டு கேட்டைத் திறந்தேன். ஜூலி ஓடி வந்தாள், மூன்று காலில். இடது பின்னங்கால் வயிற்றோடு மடங்கியிருந்தது. முள் குத்தியிருக்கும் என்று பாதத்தைப் புரட்டிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கீழே விட்டதும் நாலு காலில் போய் அம்மாவின் புடவைத் தலைப்பைக் கடித்து இழுத்தாள். சரி, நாய்க்கும் நடிக்கத் தெரியும் போல.

ஜூன் 8, சனி

நடிப்பு இல்லை. இந்த வாரம் மட்டும் ஐந்து முறை. நன்றாக ஓடிக்கொண்டிருப்பாள், திடீரென்று அந்தக் கால் மேலே போகும். நாலைந்து எட்டு தத்துவாள். அப்புறம் காலைப் பின்னால் நீட்டி ஓர் உதறல், அவ்வளவுதான், பழையபடி நடை. கத்தலும் இல்லை, முனகலும் இல்லை. மளிகைக் கடை காலண்டரில் ஒவ்வொரு தடவைக்கும் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைக்கிறேன்.

பக்கத்துத் தெரு கிளினிக்குக்குத் தூக்கிப் போனேன். மேசை மேல் ஏற்றினால் சிலை. தரையில் விட்டால் கல்யாண ஊர்வலக் குதிரை. "நல்லாத்தானே நடக்குது" என்று கால்சியம் டானிக் எழுதிக் கொடுத்தார் டாக்டர். முட்டியை அவர் தொட்டே பார்க்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பணம் கொடுக்கும்போது உறைத்திருக்கலாம்.

ஜூன் 16, ஞாயிறு

மாடி வீட்டுக்காரர் குழந்தைகளுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் சிரப்பைச் சிபாரிசு செய்துவிட்டுப் போனார். அம்மா ஸ்பூனோடு தயாராக நின்றார். பிடுங்கி வைத்தேன். மனிதர்களுக்கான வலி மருந்தை நாய்க்கு நாமாகக் கொடுப்பது ஆபத்து. ஐபுப்ரோஃபென் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும், பாரசிட்டமால் அளவு மீறினால் ஈரல் போய்விடும்.

மாலையில் பந்து போட்டு, போனைக் கையில் பிடித்தபடியே அரை மணி நேரம் காத்திருந்தேன். பதினொன்றாவது ஓட்டத்தில் கால் தூக்கினாள். உதறலும் வீடியோவில் விழுந்துவிட்டது.

ஜூன் 20, வியாழன்

லீவு போட்டுவிட்டு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். 1903ல் தொடங்கிய கல்லூரி. எனக்கு முன்னால் ஒரு லாப்ரடார், பின்னால் கூடையில் ஒரு பூனை. ஜூலிக்கு அன்று தன் கால் எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோயிற்று, அத்தனை வேடிக்கை.

டாக்டரிடம் தயங்கிக்கொண்டே சொன்னேன்: "மேடம், இங்க நல்லாத்தான் நடக்கறா."

"இங்க வந்தா எல்லா நாயும் நல்லாத்தான் நடக்கும் சார். வீடியோ இருக்கா?"

இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு ஜூலியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒரு கையால் பாதத்தை உள்பக்கம் திருப்பி, மறு கைக் கட்டைவிரலால் முட்டியை லேசாகத் தள்ளினார். "கையை வைங்க." புளியங்கொட்டை அளவில் ஒன்று என் விரலுக்கடியில் தொடையின் உள்பக்கமாக வழுக்கிப் போயிற்று. காலை நீட்டியதும் தானாகத் திரும்பி வந்து உட்கார்ந்தது. என் வயிற்றில் ஏதோ புரண்டது. ஜூலி கொட்டாவி விட்டாள்.

முழங்கால் சில்லு நழுவுகிறதாம். சின்ன நாய்களில் அடிக்கடி வருவது, பெரும்பாலும் உள்பக்கமாகத்தான் நழுவும். நாலு நிலை வைத்திருக்கிறார்கள். தள்ளினால் நழுவி, விட்டதும் திரும்பிவிட்டால் ஒன்று. தானாகவே போய்ப் போய் வந்தால் இரண்டு. எப்போதும் வெளியிலேயே இருந்து, கையால் தள்ளினால் மட்டும் உள்ளே வந்தால் மூன்று. தள்ளினாலும் வராவிட்டால் நாலு. ஜூலிக்கு இடது கால் இரண்டு, வலது கால் ஒன்று. வலதைப் பற்றி நான் நினைத்தே பார்க்கவில்லை.

அடிபட்டதா என்று கேட்டேன். எதிர் வீட்டுப் பையன் மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பெரும்பாலும் வளர்ச்சியிலேயே வருவது என்றார், சில்லு ஓடும் பள்ளம் ஆழமில்லாமல் அமைந்துவிடுகிறது. பையனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம் தெரியவில்லை. ஆபரேஷன் இப்போது வேண்டாம். நொண்டல் அதிகமானால் யோசிக்கலாம்: பள்ளத்தை ஆழமாக்கி, கீழ்க்கால் எலும்பில் தசைநார் பிடித்திருக்கும் முனையை வெட்டி நகர்த்தி, கம்பி வைத்துப் பொருத்துவார்கள். ஒரு நாள் காலைத் தூக்கியவள் இறக்கவே இல்லை என்றால் மட்டும் உடனே வரச் சொன்னார், முட்டிக்குள் இருக்கும் சவ்வு அறுந்திருக்கலாம்.

அப்புறம் எடை. 8.2 கிலோ. பொமரேனியன்தானே என்றேன். சிரித்தார். பொமரேனியன் 3 கிலோ சொச்சத்தைத் தாண்டக் கூடாதாம், நம் ஊரில் அந்தப் பெயரில் வளர்வது பெரும்பாலும் ஸ்பிட்ஸ். "ஸ்பிட்ஸுக்கும் இது ஜாஸ்தி. யார் ஊட்டறாங்க?"

ஜூன் 21, வெள்ளி

ஊட்டுகிறவரிடம் விளக்கினேன். சில்லு, பள்ளம் எதுவும் ஏறவில்லை. கடைசியில் எங்கள் ஊர்க் கிணற்று ராட்டினத்தைச் சொன்னேன். கயிறு பள்ளத்தை விட்டு விலகி ஒரு பக்கமாக மாட்டிக்கொள்ளுமே, அது மாதிரி.

"அதான் உதறுதா!" என்றார் அம்மா. "நாங்களும் கயித்த ஒரு உதறு உதறித்தானே பள்ளத்துல விழ வைப்போம்."

பத்தொன்பது நாளாக அந்த உதறலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

ஜூலை 7, ஞாயிறு

போன வருடம் போட்ட வழுவழு டைல்ஸ்தான் இந்த வீட்டில் ஜூலிக்கு முதல் எதிரி. பவானி ஜமுக்காளத்தை விரித்தேன், ஜூலியும் ஜமுக்காளமும் சேர்ந்து சறுக்கிப் போய் டிவி ஸ்டாண்டில் முட்டினார்கள். இப்போது ஹால் முழுக்க ரப்பர் அடி வைத்த மிதியடிகள். நகம் வெட்டி, பாதத் திட்டுகளுக்கு நடுவில் வளர்ந்த முடியையும் கத்தரித்தாயிற்று. சோபாவில் ஏறி இறங்கத் தடை.

இரண்டாவது எதிரி மாரி பிஸ்கட். அம்மா காபி குடிக்கும்போதெல்லாம் பாதி பிஸ்கட் தரையில் விழும், "தவறி". வெள்ளரித் துண்டுக்கு மாறச் சொன்னேன். "பாவம்டா, வாயில்லா ஜீவன்" என்றார். வாய் இருப்பதுதான் பிரச்சினையே.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

7.3 கிலோ. போன வாரம் முழுக்க ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. அம்மா தினமும் காலண்டரைப் போய்ப் பார்த்து வருகிறார், பிஸ்கட் டப்பா பரணுக்குப் போய்விட்டது.

இன்று காலை மொட்டை மாடிப் படியில் ஜூலி காலைத் தூக்கினாள். வலது கால். அதற்கு நீலப் பேனா எடுத்தேன்.