ஈரம் குடித்த சீமெந்து

வீடு கட்டத் தொடங்குகிறவர்கள் எந்தக் கம்பனிச் சீமெந்து நல்லது என்று என்னிடம் கேட்கிறார்கள். மூட்டையில் என்ன திகதி இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்கிறேன். தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் மேசன் வேலை செய்கிற எனக்கு ஈரம்தான் பெரிய கவலை. புத்தளம் ஆலையிலிருந்தோ திருகோணமலை ஆலையிலிருந்தோ நல்ல நிலையில் புறப்படும் சீமெந்து, மழைக்காலத்தில் ஒரு கடையின் வெறுந்தரையில் கிடந்தால் காற்றின் ஈரத்தைக் குடித்து மூட்டைக்குள்ளேயே இறுகத் தொடங்கிவிடும்.

மூட்டையில் 42.5 என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்தச் சீமெந்தில் செய்த சோதனைக் கட்டி 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 42.5 நியூட்டன் தாங்க வேண்டும் என்பது அதன் பொருள். அது புதுச் சீமெந்துக்கான கணக்கு. 3 மாதம் வைத்திருந்தால் ஏறத்தாழ 20 சதவீத வலிமை போய்விடும் என்பார்கள். எங்கள் பனிமூட்டத்துக்கு அவ்வளவு காலம்கூடத் தேவையில்லை.

மூட்டைக்குள் கைவிட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது பழைய பாஸ்மாரின், அதாவது மூத்த மேசன்மாரின், சோதனை. இங்கே எல்லாமே குளிர்ச்சியாக இருப்பதால் நான் அதை நம்புவதில்லை. விரலிடையில் தேய்த்துப் பார்க்கிறேன். மாவைப்போல வழுக்க வேண்டும். கட்டி இருந்தால் நசுக்குகிறேன். அடுக்கின் பாரத்தால் சேர்ந்த கட்டி உதிர்ந்துவிடும். உதிராத கட்டி ஈரம் பட்டது. சலித்துவிட்டுப் பாவிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பில்லருக்கும் பீமுக்கும் அந்த மூட்டையைத் தொடவே மாட்டேன்.

அடுத்தது தண்ணீர். 50 கிலோ மூட்டைக்கு 25 லீற்றர் என்றால், மழையில் நனைந்த மணல் சுமந்து வரும் நீரும் அந்தக் கணக்கில்தான் சேரும். சீமெந்து தன் எடையில் கால்வாசி அளவு நீரைத்தான் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். மிஞ்சியது காயும்போது நுண்துளைகளை விட்டுச்செல்லும்; பிறகு அவற்றின் வழியாக ஈரம் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் தேடிப் போகும்.

நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவுதான். குளிரில் கொங்கிரீட் மெதுவாகவே வலுப்பெறும். ஈரக் கொங்கிரீட்டைத் தாங்கி நிற்கும் பலகையைக் கொழும்பில் கழற்றும் நாள்கணக்கு இங்கே சரிவராது. ஏழு பேர்ச் காணியில் கடன்பட்டுக் கட்டுகிற தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள், "பலகை வாடகை ஏறுகிறது பாஸ், கழற்றிவிடுங்கள்" என்று கெஞ்சுகிறார்கள். லயம் எனும் தோட்டத்து வரிசை வீட்டில் ஒழுகும் தகரத்தின் கீழ் வளர்ந்தவர்கள் போடும் முதல் கொங்கிரீட் தட்டு அது. முட்டுகள் இன்னும் சில நாள் நிற்கட்டும், கூடும் வாடகையில் பாதியை என் கூலியில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.